பெரிய மடக்குக் கத்தி, ஒரே ஒரு பிளேடு: எதைப் பார்த்து வாங்குவது?

பழைய பாணி மடக்குக் கத்தி ஒன்று வாங்க வேண்டும், கொஞ்சம் பெரியதாக இருக்க வேண்டும், பிளேடு ஒன்றே ஒன்று போதும் என்று யாராவது சொன்னால் எனக்கு அவரை உடனே பிடித்துப்போகும். விதவிதமான கத்திகளை வைத்துப் பார்த்துவிட்டு நானும் கடைசியில் வந்து நின்ற இடம் அதுதான். ஆனால் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது "எந்த ஸ்டீல் நல்லது?" என்றுதான். என்னைக் கேட்டால் அது நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ கேட்க வேண்டியது. முதலில் பிடி கையில் எப்படி உட்காருகிறது என்று பாருங்கள். அடுத்து, பிளேடு அதன் வெட்டும் வாய்க்குப் பின்னால் எவ்வளவு மெல்லிசாக இருக்கிறது என்று பாருங்கள். அப்புறம், திறந்த பிளேடு எதை நம்பித் திறந்தே நிற்கிறது என்று பாருங்கள். இந்த மூன்றும் சரியாக அமைந்துவிட்டால் சாதாரண ஸ்டீல்கூட வருடக்கணக்கில் நன்றாக உழைக்கும். மூன்றும் சொதப்பினால் உலகத்திலேயே விலை உயர்ந்த ஸ்டீலும் மேசை டிராயரில்தான் கிடக்கும்.

ஏன் ஒற்றை பிளேடு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இரண்டு மூன்று பிளேடு இருந்தால் கூடுதல் வசதிதானே என்று தோன்றுவது இயல்பு. சின்னக் கத்தியில் அது சரிதான். பெரிய கத்தியில் கணக்கு மாறிவிடுகிறது. இரண்டு பிளேடு வைத்த பெரிய கத்தியில் ஒன்றைத் திறந்தால் மற்றொன்று மூடியபடியே பிடிக்குள் இருக்கும், அதன் முதுகு பிடியின் அடிப்பக்கம் லேசாகத் துருத்திக்கொண்டு நிற்கும், விரல்கள் சுற்றிப் பிடிக்கிற இடமும் அதேதான். அப்படியொரு கத்தியை இறுக்கிப் பிடித்துத் தடித்த கயிறு ஒன்றை அறுத்துப் பாருங்கள், விரல்களில் கோடு விழுந்துவிடும். இது போக, இரண்டு பிளேடும் ஒன்றையொன்று உரசாமல் மூட வேண்டும் என்பதற்காக அவற்றை அடியில் லேசாக வளைத்திருப்பார்கள், பிடியின் அகலமும் கூடும், சந்துகள் அதிகமாகி அழுக்கும் அதிகமாகச் சேரும். ஒற்றை பிளேடில் இதெல்லாம் கிடையாது. ஒரு பிளேடு, ஒரு ஸ்பிரிங், இரண்டு பக்கத் தகடு, சில ஆணிகள், அவ்வளவுதான். பிளேடு நேர் நடுவில் ஓடும், பாக்கெட்டில் தட்டையாகப் படுக்கும், ஒரு துணி நுனியை உள்ளே விட்டால் முழுவதும் துடைத்துவிடலாம்.

சரி, பெரியது என்றால் எவ்வளவு பெரியது? பழைய பாணிக் கத்திகளை அளக்கிறவர்கள் மூடிய நீளத்தைத்தான் சொல்வார்கள். நாலு அங்குலத்துக்கு மேல் போனால் பெரியது என்று வைத்துக்கொள்ளலாம், ஐந்து அங்குலத்தைத் தாண்டினால் பாக்கெட்டில் வைக்கிற எல்லை முடிந்துவிடும். அமெரிக்காவின் கேஸ் நிறுவனம் செய்கிற சாட்பஸ்டர் என்கிற மாதிரியில் பெரியது மூடியபடி 4⅝ அங்குலம். அங்கேயே பக் என்கிற இன்னொரு நிறுவனம் செய்கிற பக் 110 கிட்டத்தட்ட ஐந்து அங்குலம், அதன் பிளேடு 3¾ அங்குலம். பிரான்சின் ஒபினெல் நிறுவனத்தின் கணக்கு வேறு, அங்கே எண்ணை வைத்தே பிளேடைச் சொல்லிவிடலாம்: 8ஆம் எண்ணில் பிளேடு 8.5 சென்டிமீட்டர், 10ஆம் எண்ணில் 10, 12ஆம் எண்ணில் 12. பிரான்சின் லாயோல் கத்திகளில் பிடியின் நீளத்தைச் சொல்வார்கள், பெரும்பாலும் 11 அல்லது 12 சென்டிமீட்டர். ஆக ஒருவர் 12 என்று சொன்னால் அது பிளேடா பிடியா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இந்த எண்களையெல்லாம் விட முக்கியமானது உங்கள் உள்ளங்கையின் அகலம். கையை மூடி ஒரு குச்சியைப் பிடியுங்கள், சுண்டுவிரலின் வெளிவிளிம்பிலிருந்து ஆள்காட்டி விரலின் வெளிவிளிம்பு வரை அளந்துகொள்ளுங்கள். பிடி அதைவிட ஒரு விரல் அளவாவது நீளமாக இருக்க வேண்டும், அப்போதுதான் நாலு விரலும் பிடியில் முழுதாக உட்காரும், பிடியின் முனை உள்ளங்கை நடுவில் குத்தாமல் வெளியே வந்து நிற்கும். பெரிய கத்தி வாங்குவதன் முழுப் பயனும் இதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. நீளமான பிளேடுக்காகப் பெரிய கத்தி வாங்குகிறோம் என்று நினைக்கிறோம், ஆனால் நாள் முழுக்க அட்டைப்பெட்டி கிழித்தோ மரக்கிளை சீவியோ பார்த்தால் நமக்கு வேண்டியது நீளமான பிடிதான் என்று புரியும். சின்னப் பிடியை இறுக்கிப் பிடித்துப் பிடித்தே கை சோர்ந்துவிடுகிறது. பெரிய பிடியைத் தளர்வாகப் பிடித்தாலே போதும், கத்தி நழுவாது.

எடையையும் பார்க்க வேண்டும், ஆனால் அதில் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. பக் 110 கிட்டத்தட்ட 200 கிராம், பிடியின் முனைகளில் பித்தளை முகப்புகள் வைத்தது, பாக்கெட்டில் போட்டால் கால்சட்டையே ஒரு பக்கம் இழுக்கும், அதனால்தான் அதை இடுப்பு வாரில் உறை மாட்டி வைத்துக்கொள்கிறார்கள். 8ஆம் எண் ஒபினெல் 50 கிராம்கூட வராது. பாக்கெட்டில் வைத்ததே மறந்துபோகிற கத்திதான் எப்போதும் கூடவே இருக்கும்.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதிக்கு வருகிறேன், பிளேடு எப்படித் திறந்து நிற்கிறது என்பது. இதில் பழைய பாணி என்றால் ஒரே பாணி கிடையாது. மிகப் பழையது வெறும் உராய்வு. ஸ்பிரிங்கும் கிடையாது, பூட்டும் கிடையாது, ஆணியின் இறுக்கத்தில் பிளேடு நிற்கும். ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட்டில் கிடைத்த எலும்புப் பிடி வைத்த மடக்குக் கத்தி கி.மு. 600–500 வாக்கைச் சேர்ந்தது, அதுவும் இந்த வகைதான். இன்றைக்கும் ஜப்பானின் ஹிகோனோகாமி இப்படித்தான் வேலை செய்கிறது. பிளேடின் பின்பக்கம் ஒரு சின்ன வால் நீண்டிருக்கும், அதைக் கட்டைவிரலால் அழுத்தித் திறப்போம், வெட்டும்போதும் அதே வாலை கட்டைவிரலோ உள்ளங்கையோ பிடியோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருக்கும். கேட்கும்போது பயமாக இருக்கும், கையில் எடுத்தால் பயம் போய்விடும்.

அடுத்தது முதுகு ஸ்பிரிங் வைத்த வகை. ஆங்கிலத்தில் ஸ்லிப்ஜாயிண்ட் என்பார்கள், பாக்கெட் கத்தி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது இதுதான். பிடியின் முதுகில் நீளமான ஒரு எஃகுப் பட்டை இருக்கும், அது பிளேடின் அடிப்பகுதியை அழுத்திக்கொண்டே இருக்கும். அடிப்பகுதி சதுரமாக இருந்தால் திறந்தபோது ஒரு தட்டை முகம், மூடியபோது ஒரு தட்டை முகம், பாதியில் ஒரு தட்டை முகம் என்று ஸ்பிரிங் மூன்று இடத்திலும் பொருந்தி உட்காரும், அதனால் 90 டிகிரியில் பிளேடு ஒரு நிமிடம் நின்று யோசித்துவிட்டுப் போவது மாதிரி இருக்கும். இதைத்தான் பாதி நிறுத்தம் என்று சொல்வது. அடிப்பகுதி உருண்டையாக இருந்தால் அந்த நிறுத்தம் இருக்காது, சர்ரென்று ஒரே ஓட்டமாக மூடும். பெரிய பிளேடில் எனக்குப் பாதி நிறுத்தம் இருக்க வேண்டும். மூடும்போது விரல் வழியில் இருந்தால் எடுத்துக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது.

இந்த வகையில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் நெம்புகோல் கணக்கு. பிளேடு நீளமாக நீளமாக அதன் முனையில் கொடுக்கிற அழுத்தம் ஸ்பிரிங்கின் மேல் அதிகமாக வேலை செய்யும். ஒரே பலமுள்ள ஸ்பிரிங்கை இரண்டரை அங்குல பிளேடுக்கும் நாலு அங்குல பிளேடுக்கும் வைத்தால், சின்னது கெட்டியாக நிற்கும், பெரியது முனையில் லேசாகத் தட்டினாலே மடங்கப் பார்க்கும். வெட்டும்போது கவலையில்லை, வெட்டுகிற விசை பிளேடைத் திறக்கிற பக்கம்தான் தள்ளும். ஆபத்து வருவது குத்தும்போதும், ஆழமாகச் சிக்கிய பிளேடை ஆட்டி வெளியே இழுக்கும்போதும். அதனால் பெரிய ஸ்லிப்ஜாயிண்ட் வாங்கும்போது நகம் வைத்து இழுத்தால் "ம்ம், கொஞ்சம் கெட்டிதான்" என்று தோன்ற வேண்டும். நகம் உடைகிற அளவுக்கு வேண்டாம், அப்படி இருந்தால் ஈரக்கையால் திறக்கவே முடியாது. கத்திப் பிரியர்கள் இந்த இழுப்புக்குப் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போடுவார்கள், பெரிய ஒற்றை பிளேடுக்கு ஆறு ஏழு இருந்தால் எனக்குத் திருப்தி.

மூன்றாவது, பூட்டு உள்ளவை. ஒபினெலின் பூட்டு வளையம் 1955இல் மார்செல் ஒபினெல் கண்டுபிடித்தது, கழுத்தில் உள்ள உலோக வளையத்தைத் திருப்பினால் பிளேடு மடங்காது. இவ்வளவு எளிமையாக, இவ்வளவு சுலபத்தில் புரிகிற இன்னொரு பூட்டை நான் பார்த்ததில்லை. பக் 110இல் முதுகுப்பக்கம் ஒரு தண்டு, பின்னால் அழுத்தினால்தான் விடும். 1964இல் வந்த அந்தக் கத்திக்குப் பிறகு அதன் சாயலில் வராத மடக்குக் கத்தியே இல்லை என்கிற அளவுக்கு அது பரவிவிட்டது. ஸ்பெயினின் நவாஹாக்களில் திறக்கும்போது கடகடவென்று பல் மாறுகிற பூட்டு உண்டு. ஆப்பிரிக்காவில் பரவலாகப் புழங்குகிற ஒகாப்பியிலும் கிட்டத்தட்ட அதே சங்கதிதான், ஒரு வளையத்தை இழுத்தால் விடுபடும்.

எது நல்லது? பெரிய பிளேடில் குத்துகிற வேலை, துளைக்கிற வேலை இருக்கும் என்றால் பூட்டு உள்ளதை வாங்குங்கள். வெறும் வெட்டுதல், சீவுதல், நறுக்குதல் என்றால் நல்ல ஸ்பிரிங் போதும். ஒரு விஷயம் மட்டும்: உங்கள் ஊர்ச் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு பிரிட்டனில் பூட்டு இல்லாத, வெட்டும் வாய் மூன்று அங்குலத்துக்கு மிகாத மடக்குக் கத்தியைத்தான் காரணம் சொல்லாமல் பொது இடத்தில் வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் போனாலோ பூட்டு இருந்தாலோ தக்க காரணம் காட்ட வேண்டும். நாம் பேசுகிற பெரிய கத்திகள் எல்லாம் அந்த வரம்பைத் தாண்டியவை. இடத்துக்கு இடம் விதி மாறும், இவ்வளவு பெரிய கத்தியை விமானத்தில் கைப்பையில் வைக்கவே கூடாது என்பது மட்டும் எல்லா இடத்துக்கும் பொது.

கையில் கிடைத்ததும் நான் செய்கிற சோதனையைச் சொல்கிறேன், இது ஸ்லிப்ஜாயிண்டுக்கு. முதலில் மூடியபடி பிடியை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து முதுகைப் பார்ப்பேன், ஸ்பிரிங்குக்கும் பக்கத் தகடுக்கும் நடுவே வெளிச்சக் கீற்று தெரியக் கூடாது. அப்புறம் விரல் நுனியால் முதுகைத் தடவிப் பார்ப்பேன், மூடியபோதும் பாதியிலும் திறந்தபோதும் ஸ்பிரிங் பக்கத் தகடுகளோடு ஒரே மட்டத்தில் இருந்தால் செய்தவர் நேரம் எடுத்துச் செய்திருக்கிறார் என்று அர்த்தம். பாதியில் கொஞ்சம் மேலே எழும்புவதை மன்னிக்கலாம், திறந்தபோது பள்ளமோ மேடோ இருந்தால் எனக்கு மனசு ஒப்பாது. அடுத்து பிளேடைத் திறந்து பக்கவாட்டில் ஆட்டிப் பார்ப்பேன், துளி அசைவும் கூடாது, ஏனென்றால் பெரிய பிளேடில் இன்று துளியாக இருப்பது நாளைக்கு நிறையவாகும்.

அப்புறம் ஒரு சின்னச் சோதனை. மெல்லிய காகிதத்தை நாடாவாக வெட்டி, பிடிக்குள்ளே ஸ்பிரிங்கின் மேல் படும்படி வைத்து, கத்தியை வழக்கம்போல் மூடித் திறந்து, காகிதத்தை எடுத்துப் பாருங்கள். வெட்டுக்கோடு விழுந்திருந்தால் மூடும்போது பிளேடின் வாய் ஸ்பிரிங்கில் மோதுகிறது என்று பொருள். நீங்கள் எவ்வளவுதான் சாணை பிடித்தாலும் அந்த ஒரே இடம் மட்டும் திரும்பத் திரும்ப மழுங்கும். பெரிய பிளேடு கனமானது, வேகமாக மூடினால் அந்த வேகத்திலேயே ஸ்பிரிங்கைக் கொஞ்சம் அமுக்கிக்கொண்டு உள்ளே இறங்கிவிடும், அதனால் சின்னக் கத்தியில் வராத இந்தத் தொல்லை இதில் வரும். நல்ல லாயோல் வைத்திருப்பவர்கள் அதைப் படாரென்று மூடவே மாட்டார்கள், விரலால் தாங்கி மெதுவாகத்தான் இறக்குவார்கள். காரணம் இதுதான். மூடுகிற சத்தத்துக்கு ஆசைப்பட்டு விளையாடினால் வாய் போய்விடும்.

இனி பிளேடு. இதில் என் கருத்து கொஞ்சம் கடுமையானது. பெரிய மடக்குக் கத்தி என்றால் தடியாக இருக்க வேண்டும் என்று ஒரு நினைப்பு இருக்கிறது, அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தடித்த முதுகு நெம்புவதற்கு உதவும், ஆனால் நெம்புவதற்குக் கத்தி எதற்கு? ஆப்பிள் ஒன்றை எடுத்து, தடியான கத்தியால் நடுவே வெட்டிப் பாருங்கள். பாதி வழி போனதும் டப்பென்று பிளந்துகொள்ளும், வெட்டிய முகம் கரடுமுரடாக இருக்கும். அதே ஆப்பிளை ஒபினெலால் வெட்டுங்கள், ஓசையே இல்லாமல் கடைசிவரை போய்ப் பலகையில் நிற்கும், வெட்டிய முகம் ஈரமாகப் பளபளக்கும். இரண்டும் ஒரே அளவு கூர்மையாக இருந்தாலும் இதுதான் நடக்கும். கூர்மைக்குப் பின்னால் இருக்கிற மெல்லிசுதான் வெட்டுகிறது. அதனால் விளம்பரத்தில் முதுகு எத்தனை மில்லிமீட்டர் என்று பார்ப்பதோடு நிற்காமல், வாய்க்குச் சற்று மேலே எவ்வளவு தடிமன் என்று விசாரியுங்கள், நேரில் வாங்கினால் விரலிடுக்கில் பிடித்துப் பாருங்கள். முதுகிலிருந்து வாய்வரை ஒரே சரிவாக இறங்குகிற தட்டைச் சாய்வு எனக்கு முதல் விருப்பம், ஒபினெலில் உள்ள லேசான குவிந்த சாய்வு இரண்டாவது. பக் 110 மாதிரி உட்குழிவாகச் சாணை பிடித்தவை வாய்ப்பக்கம் அருமையாக மெல்லிசாக இருக்கும், ஆனால் ஆழமாக வெட்டும்போது மேலே உள்ள தடிப்பு வந்து இடிக்கும்.

வடிவத்தில் ஒற்றை பிளேடுக்குப் பொருத்தமானது எது என்றால், எல்லா வேலையையும் அது ஒன்றே செய்ய வேண்டியிருப்பதால் ரொம்ப விசேஷமான வடிவம் வேண்டாம். முதுகிலிருந்து ஒரு பகுதியைச் செதுக்கி எடுத்துக் கூரான முனை வைத்த கிளிப் வடிவம் அழகு, நுணுக்க வேலைக்கு நல்லது, முனை உடைகிற அபாயமும் அதில்தான் அதிகம். ஈட்டி முனை எல்லாவற்றுக்கும் ஒத்துவரும். சாட்பஸ்டரில் உள்ள அகலமான, வயிறு வளைந்த வடிவம் பலகையில் வைத்து நறுக்கவும் தோல் சீவவும் உதவும். நேர்வாய் வைத்த ஆட்டுக்குளம்பு வடிவம் கயிற்றுக்கும் மரம் செதுக்கவும் பிரமாதம், ஆனால் ஒரே பிளேடு என்றால் அதைத் தேர்ந்தெடுக்க நான் தயங்குவேன். இத்தாலியின் சார்டினியாத் தீவில் உள்ள பட்டாடா ஊர்க் கத்திகளில் பிளேடு ஒரு நீண்ட இலை மாதிரி இருக்கும், அதைவிட அழகான மடக்கு பிளேடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஸ்டீலைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். அடிக்கடி நனையும், துடைக்க மறந்துவிடுவேன் என்றால் ஸ்டெயின்லெஸ். அதில் 420எச்சி, 12சி27 என்கிற வகைகள் இரண்டும் எளிதாகச் சாணை பிடிக்கலாம், துருவும் லேசில் வராது, குறை சொல்ல ஒன்றுமில்லை. துடைத்து வைக்கிற பழக்கம் இருக்கிறது என்றால் கார்பன் ஸ்டீல். 1095 என்ற ஸ்டீலில் நூற்றுக்கு 0.95 பங்கு அளவில் கார்பன், ஒபினெலின் எக்ஸ்சி90இல் சுமார் 0.9, துரு தடுக்கிற குரோமியம் பேருக்குக்கூடக் கிடையாது என்று சொல்லலாம். அதனால் பழம் நறுக்கினால் கறுக்கும். முதலில் நீலமும் ஊதாவுமாகத் திட்டுத்திட்டாக வரும், கொஞ்ச நாளில் எல்லாம் கலந்து சாம்பல் நிறமாக நிலைத்துவிடும். அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை, சிவப்புத் துருவை வரவிடாமல் ஓரளவு தடுக்கிற படலம், தேய்த்து எடுக்காதீர்கள். எனக்கு அந்தச் சாம்பல் நிறத்தின் மேல் தனிப் பாசம் உண்டு. ஒவ்வொருவர் கத்தியிலும் அது வேறு மாதிரி படியும்.

பிடிப்பொருள் விஷயத்தில் ஒன்றுதான் சொல்வேன்: மரம் தண்ணீர் குடிக்கும். ஒபினெலின் பீச் மரப்பிடி நனைந்தால் ஊதிக்கொண்டு பிளேடைக் கவ்விப் பிடித்துவிடும், நகத்தால் இழுத்தால் வராது. பிடியின் அடிமுனையை மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் பிளேடு எட்டிப் பார்க்கும், ஒபினெல் பிறந்த சவோய்ப் பகுதிக்காரர்கள் அப்படித்தான் திறப்பார்கள். ஆளிவிதை எண்ணெய் சில முறை ஊறவிட்டுக் காயவைத்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். எலும்பும் மான்கொம்பும் அழகு, கீழே விழுந்தால் கீறல் விடும். ஈரத்திலும் மண்ணிலும் புழங்குகிற கத்திக்கு எந்தப் பெருமையும் இல்லாத செயற்கைப் பிடியே போதும்.

எந்தக் கத்தி என்று பெயர் கேட்பீர்கள். சாட்பஸ்டரிலிருந்து ஆரம்பிக்கிறேன். அலங்காரமே இல்லாத கத்தி, முகப்பு உலோகம் கிடையாது, கைக்கு அடக்கமான வளைவுப் பிடி, அகலமான பிளேடு. கேஸ் நிறுவனத்தின் எண்களைப் படிக்கத் தெரிந்தால் ஒரு சுவாரசியம் உண்டு: 2138 என்றால் முதல் 2 பிடிப்பொருளைக் குறிக்கும், வழவழப்பான கறுப்புச் செயற்கைப்பிடி, அடுத்த 1 பிளேடு ஒன்று, 38 மாதிரியின் எண். இரண்டாவது இலக்கம் 1 என்று இருந்தால் அது நம்ம ஆள். அதே நிறுவனம் செய்கிற ஐந்து அங்குல டூத்பிக் மாதிரி ஒல்லியாக, நீளமாக, வளைந்து இருக்கும். பார்க்க அழகு, ஆனால் அகலம் குறைவு என்பதால் இறுக்கிப் பிடித்துச் செய்கிற வேலைக்கு நான் அதை எடுப்பதில்லை. ஐந்து அங்குல டாடி பார்லோ என்கிற மாதிரியில் முகப்பு உலோகம் வழக்கத்தைவிட நீளமாக இருக்கும், சேருமிடம் பலமாக இருக்க வேண்டும் என்பதற்காகவே அப்படி. பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லில் 2006இல் தொடங்கிய கிரேட் ஈஸ்டர்ன் கட்லரி 1095 ஸ்டீலில் இந்தப் பழைய மாதிரிகளை மறுபடி செய்கிறது, ஸ்பிரிங் பொருத்தத்தில் அவர்கள் வேலை சுத்தம். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் செய்கிறார்கள், வந்த வேகத்தில் தீர்ந்துவிடும்.

செலவு குறைவாக வேண்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஒபினெல் 9 அல்லது 10 வாங்குங்கள். பெரிய ஒற்றை பிளேடு உங்களுக்கு ஒத்துவருமா என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி இல்லை. பாக்கெட்டில் தட்டையாக, துருத்தாமல் இருக்க வேண்டும் என்றால் ஜெர்மனியின் சோலிங்கன் ஊரில் செய்கிற மெர்கேட்டர் கே55கே: தகடு மடித்துச் செய்த கறுப்புப் பிடி, அதில் பாய்கிற பூனையின் உருவம், 9 சென்டிமீட்டர் பிளேடு, முதுகில் பூட்டு. அதே மாதிரித் தகடு மடித்துச் செய்ததுதான் பிரான்சின் தியேர் ஊரில் 1929 முதல் செய்கிற டூக்-டூக், பூட்டு கிடையாது, பிளேடில் கொடிக்கோலம், ஸ்பிரிங் நல்ல முறுக்கு. பெரியது திறந்தபடி 20 சென்டிமீட்டர் வரும். உழைக்கிற கத்திதான், ஆனால் தகட்டுப் பிடி என்பதால் ரொம்ப நேரம் அழுத்தி வேலை செய்தால் கை வலிக்கும்.

லாயோல் வாங்குகிறவர்கள் ஒரு விஷயம் தெரிந்துகொண்டு வாங்குங்கள். அது ஊரின் பெயர், கத்தி மாதிரியின் பெயர், ஒரு நிறுவனத்தின் பெயர் இல்லை. அந்த ஊரிலும் செய்கிறார்கள், தியேரிலும் நன்றாகச் செய்கிறார்கள், எங்கேயோ மலிவாக வார்த்துப் பெயரை மட்டும் பொறித்தும் விற்கிறார்கள். முதுகில் லாயோலின் அடையாளமான தேனீ உருவம் இருப்பதால் மட்டும் நல்லதாகிவிடாது. யார் செய்தது, எங்கே செய்தது என்று சொல்லாத லாயோலை வாங்காதீர்கள். நல்லதாக அமைந்துவிட்டால் சாப்பாட்டு மேசைக்கு அதைவிடக் கம்பீரமான கத்தி கிடையாது, குடைகிற வேலைக்கு மட்டும் அதைக் கொண்டுபோகாதீர்கள்.

இடதுகைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நகம் வைக்கிற பள்ளம் பெரும்பாலும் வலதுகைக்காரர் வசதிக்கு ஒரு பக்கம் மட்டும்தான் வெட்டியிருப்பார்கள். வால் வைத்துத் திறக்கிற ஹிகோனோகாமி மாதிரியானவை, அல்லது பிளேடு பிடிக்கு வெளியே நன்றாகத் தெரிகிறதால் விரலிடுக்கில் கிள்ளித் திறக்க முடிகிற சாட்பஸ்டர் மாதிரியானவை உங்களுக்குச் சுலபம். பொதுவாகவே கிள்ளித் திறக்க முடிகிற கத்தி நல்ல கத்தி, நகம் வெட்டிய மறுநாள் இது புரியும்.

என்னுடைய தேர்வைக் கேட்டால் கார்பன் ஸ்டீலில் ஒரு பெரிய சாட்பஸ்டர். ஒபினெல் இதைவிட நன்றாக வெட்டும் என்பதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் ஒபினெலின் உருண்டைப் பிடி சில வேலைகளில் கைக்குள் சுழலப் பார்க்கும், சாட்பஸ்டரின் தட்டைப் பக்கங்கள் பிளேடு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைப் பார்க்காமலே சொல்லிவிடும், இருட்டிலும் தெரியும். எனக்கு அது பெரிய விஷயம்.

வாங்கியதும் உடனே வெட்ட ஆரம்பிக்காதீர்கள். புதுக் கத்தியின் மூட்டில் சாணைத்தூள் இருக்கும், அது உள்ளேயே கிடந்து அரைக்கும். பிடி மரமாக இல்லையென்றால் வெந்நீரில் ஒரு சொட்டு சோப்புப் போட்டு அதற்குள்ளேயே பலமுறை திறந்து மூடுங்கள், கறுப்பாக வெளியே வரும், வருவது நின்றதும் நன்றாகக் காயவிடுங்கள். மரப்பிடி என்றால் தண்ணீர் வேண்டாம், மூட்டில் எண்ணெய் விட்டுத் திறந்து மூடித் துடைத்து, மறுபடி விட்டுத் துடைத்தால் போதும். கடைசியில் மூட்டில் ஒரு சொட்டு, கார்பன் ஸ்டீல் என்றால் பிளேடில் லேசாக ஒரு பூச்சு. எண்ணெய் மினரல் ஆயிலாக இருக்கட்டும், சமையல் எண்ணெய் நாளாக நாளாகப் பிசினாக இறுகிப் பிளேடை நகரவிடாமல் செய்துவிடும்.